பதினொன்றரை என்று எழுதிய பன்னிரண்டரை

நான் இருபத்துமூன்று வருடம் வேலை செய்த நடைப்பயண நிறுவனத்திலிருந்து சென்ற மாதம் ஒரு மின்னஞ்சல் வந்தது. குளிர்காலப் பாதைகளை இனிமேல் ஒரு மென்பொருள் திட்டமிடுமாம். அதற்கு முன் மனிதர்கள் அந்த வேலையை எப்படிச் செய்தார்கள் என்று நூற்றைம்பது சொற்களுக்குள் சுவாரசியமாக எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். ஒரு படமும் வேண்டுமாம், சிரித்த முகமாக இருந்தால் நல்லதாம். நூற்றைம்பது சொல்லில் எனக்கு ஓர் ஓடையைக்கூடக் கடக்க வராது. மன்னிப்புக் கேட்டு இரண்டு வரி அனுப்பிவிட்டு இதைத் தமிழில் எழுதுகிறேன். அவர்களுக்கு விளங்காது என்பது ஒரு வசதி.

யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்துகொண்டிருந்தவன் நான். தட்டையான ஊர். மேடு என்றால் யாராவது கிணறு வெட்டி மண்ணைக் குவித்த இடம். அப்படிப்பட்டவன் ஒக்லண்டுக்கு வந்து, பாபடோயிட்டோய் என்ற புறநகரில் ஓர் அறையில் மூன்று பேருடன் இருந்துகொண்டு, விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கினேன். இரண்டு வருடம் கழித்து, வரைபடம் வாசிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்தேன். மலை ஏறத் தெரியவேண்டும் என்று அதில் போட்டிருக்கவில்லை. துணிந்து விண்ணப்பித்தேன்.

நேர்முகத் தேர்வில் ஜூடித் என்ற பெண்மணி மேசையில் ஒரு வரைபடத்தை விரித்து, "இதில் நீ எங்கே போகமாட்டாய்?" என்று கேட்டார். மற்ற விண்ணப்பதாரர்கள் எல்லாரும் மலை ஏறிப் பழகியவர்கள். அவர்கள் எங்கெங்கே போவோம் என்று காட்டியிருக்கிறார்கள். நான் இயல்பிலேயே பயந்தவன். ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு இடத்தைக் காட்டினேன். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள்.

ஜூடித்துக்கு அப்போதே அறுபதை நெருங்கிய வயது. இங்கே ஜூலைதான் நடுக் குளிர்காலம்; அப்போதும் அரைக் காற்சட்டைதான். சரியாகப் பன்னிரண்டு பத்துக்குத் தக்காளி சாண்ட்விச் ஒன்றை மேசையிலேயே சாப்பிடுவார். குரலை உயர்த்தமாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். ஆங்கிலத்தில் நீ, நீங்கள் என்ற வித்தியாசம் இல்லை என்பார்கள். அவருடைய குரலை வைத்துப் பார்த்தால் எனக்கு மூன்றாம் வருடம்தான் 'நீங்கள்' கிடைத்தது.

திட்டத்தை அவர் வாசிக்கும் விதம் தனி. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, "இல்லாவிட்டால்?" என்று கேட்பார். பத்து மணிக்கு ஓடையைக் கடப்பது என்று எழுதியிருந்தேன். "இல்லாவிட்டால்?" தண்ணீர் கூடுதலாக இருந்தால் வலப்பக்க மேட்டால் போவது. "இல்லாவிட்டால்?" மேட்டில் பனி உறைந்திருந்தால் வந்த வழியே திரும்புவது. "இல்லாவிட்டால்?" என் முதல் திட்டத்தை அவர் இப்படி முற்பகல் முழுவதும் வாசித்தார். கடைசியில் அதில் ஒரு வரிதான் மிஞ்சியது: எல்லாரும் வீட்டில் இருப்பது. அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, "இது பாதுகாப்பானது. இனி இதை விற்கக்கூடியதாக மாற்று" என்றார்.

வேலை இதுதான். வெள்ளை நூல் ஒன்றை நனைத்துக் காயவிட்டு, அது இழுபடாது என்று தெரிந்த பிறகு, வரைபடத்தில் பாதையின் வளைவுகள் மேலே அதை வைத்து நீளம் அளப்பேன். நல்ல தரையில் மணிக்கு நாலு கிலோமீட்டர், சாம்பலிலும் சரளையிலும் மூன்று. ஒவ்வொரு நூறு மீட்டர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடம் கூட்ட வேண்டும். குழுவில் யார் மெதுவாக நடப்பவரோ அவருடைய காலைத்தான் எல்லாருடைய காலாகவும் எடுக்க வேண்டும். குளிர்காலத் திட்டம் காலையில் தொடங்குவதில்லை. பொழுது படுகிற நேரத்தில் தொடங்கிப் பின்நோக்கி வரும். ஐந்து மணிக்கு இருட்டும் என்றால் நாலேகாலுக்கு வாகனத்தடியில் நிற்க வேண்டும், அதற்கு இத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், அதற்கு இத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும்.

இதில் திரும்பும் நேரம் என்பது கோயில் மூலஸ்தானம் மாதிரி. அந்த நேரம் வந்தால் எங்கே நிற்கிறீர்களோ அங்கேயே திரும்ப வேண்டும். போய்ச் சேரவேண்டிய இடம் கண்ணுக்கு முன்னால் தெரிந்தாலும் திரும்ப வேண்டும். நிறுவனத்தில் நூறு விதிகள் சுவரில் தொங்கின. ஜூடித் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: "எதை வேண்டுமானாலும் மாற்று. நேரத்தில் மட்டும் பொய் எழுதாதே."

எங்கள் நிறுவனத்தில் அதிகம் விலைபோன குளிர்காலப் பாதை, வடதீவின் நடுவில் இருக்கும் ரங்கிப்போ பாலைவனத்தையும் பக்கத்துத் தாழ்ந்த மலைகளையும் சேர்த்து நான் போட்டது. பெயர்தான் பாலைவனம். யாழ்ப்பாணத்தைவிட அங்கே மழை அதிகம். மழை பெய்யாத நாளில் பனி பெய்யும், இரண்டும் இல்லாத நாளில் காற்று அந்தக் குறையைத் தீர்க்கும். எரிமலை கொட்டிய சாம்பலில் ஒன்றும் முளைக்காததால் பாலைவனம் என்கிறார்கள். எரிமலை வாய்த் தண்ணீர் கலந்து வரும் ஆறு ஒன்றும் உண்டு, அதைக் குடிக்க முடியாது. ஆகவே மழையில் நனைந்துகொண்டே தண்ணீர் சுமக்க வேண்டும். இதற்கு ஒக்லண்டின் பெரிய அலுவலகங்கள் வரிசையில் நின்றன. ஒரு அலுவலகம், ஊழியர்கள் கொஞ்சம் கஷ்டப்பட வேண்டும், ஆனால் தங்குமிடத்தில் தரைக்குச் சூடு போட்டிருக்க வேண்டும் என்று எழுத்தில் கேட்டது.

இப்படி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த என் உத்தியோகத்துக்குள் ஒருநாள் சிவநாதன் அண்ணை வந்தார்.

ஒக்லண்டில் எங்கள் ஆட்கள் நாலு பேர் சந்தித்தால் சங்கம் தொடங்குவோம், ஐந்தாவது ஆள் சேர்ந்தால் அது இரண்டாகும். அப்படிப் பிரிந்த சங்கம் ஒன்றுக்கு அவர் தலைவர். மருந்துக்கடை வைத்திருந்தார். சங்கத்துக்கு ஓர் ஆரோக்கியத் திட்டம் வேண்டும் என்று தீர்மானம் போட்டு, பன்னிரண்டு பேரைக் குளிர்காலத்தில் பாலைவனத்தில் நடத்துவதென்று முடிவெடுத்திருந்தார்கள். ஏன் குளிர்காலம் என்று கேட்டேன்.

"கோடையில எல்லாருக்கும் கலியாண வீடு, சாமத்திய வீடு. ஆருக்கு நேரம்?" என்றார்.

"வழிகாட்டி ஒருவரை அனுப்பட்டோ அண்ணை?"

"வேண்டாம் தியாகு. வெள்ளைக்காரப் பிள்ளை ஒண்டு முன்னால நடந்தா நாங்கள் எங்கட பாட்டில கதைக்கேலாது. நீர் வடிவா எழுதித் தாரும். நாங்கள் அதைப் பார்த்து நடப்பம்."

வழிகாட்டி இல்லாத பயணமும் எங்களிடம் இருந்தது. அதில் எழுதிக் கொடுக்கும் திட்டம்தான் வழிகாட்டி. இரண்டு நாள் கழித்து அண்ணை தொலைபேசியில் கூப்பிட்டார். நடை ஜூன் மாத நீள வார இறுதியின் திங்கட்கிழமை. அன்று ஏழரை தொடக்கம் ஒன்பதுவரை ராகுகாலம் என்பதால் அந்த நேரத்தில் புறப்பட முடியாது என்றார்.

இதை நான் ஜூடித்திடம் எப்படிச் சொல்வது என்று ஒரு பின்னேரம் முழுக்க யோசித்தேன். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இந்த ராகு ஒவ்வொரு திங்களும் அதே நேரத்துக்கு வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். "அப்படியென்றால் தெற்குக் காற்றைவிட நம்பிக்கையான ஆள்" என்று சொல்லி, ஆபத்துகள் என்ற நிரலில் காற்று, ஓடை, உறைபனி என்பவற்றுக்குக் கீழே ராகு என்றும் எழுதினார். எங்கள் முறையில் வீட்டுப் படியைத் தாண்டிவிட்டால் புறப்பட்ட கணக்குத்தான் என்று விளக்கினேன். ஆகவே விடுதியிலிருந்து ஏழேகாலுக்குப் புறப்பாடு, எட்டரைக்கு நடை தொடக்கம், பன்னிரண்டரைக்குத் திரும்புவது. நாலரைக்குள் எனக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் ஐந்து மணிக்குப் பொலிசுக்கு அறிவிப்போம். ஜூடித் கையெழுத்துப் போட்டார்.

அங்கேயே நான் அதை உறையில் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் எனக்கு எங்கள் ஆட்களைத் தெரியும். சிவநாதன் அண்ணையின் சங்கம் ஐந்தரை என்று அழைப்பிதழ் அடித்தால் ஏழு மணிக்கு விளக்கேற்றும். ஐந்தரைக்குப் போனவன் ஆட்கள் உட்காரக் கதிரை அடுக்குவான். ஏழேகால் என்று எழுதினால் எட்டேகாலுக்குத்தான் சப்பாத்துத் தேடுவார்கள் என்று எனக்கு நெஞ்சுக்குள் நிச்சயமாகத் தெரிந்தது. ஆகவே ஜூடித்துக்குத் தெரியாமல், அவர்களுக்கு அனுப்பிய பிரதியில் எல்லா நேரத்தையும் ஒரு மணித்தியாலம் முன்னால் தள்ளிவிட்டேன். புறப்பாடு ஆறேகால். திரும்புவது பதினொன்றரை. தொலைபேசி மூன்றரை. இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் காட்டியதில்லை.

அன்று நான் ஒக்லண்ட் அலுவலகத்தில் தனியே இருந்தேன். விடுதிக்காரர் காலையில் கூப்பிட்டு, அவர்கள் ஏழு பதினாலுக்குப் படி தாண்டினார்கள் என்று சொன்னார். உண்மையான திட்டத்துக்கு ஒரு நிமிடம் முன்னதாக! என் முதுகை நானே தட்டிக்கொண்டேன்.

மூன்றரைக்கு அழைப்பு வரவில்லை. அதற்கு நான் கவலைப்படவில்லை, அது பொய் நேரம்தானே. நாலரைக்கும் வரவில்லை. எங்கள் ஆட்கள்தானே, ஃபோட்டோ எடுத்துக்கொண்டு நிற்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் ஜூடித் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கிளென்ஃபீல்டில் வீடு, விடுமுறை நாள், வரவேண்டிய அவசியம் இல்லை. வழிகாட்டி இல்லாத குழு வெளியே நிற்கும் நாட்களில் அவர் வந்துவிடுவார்.

"இரண்டு மணிக்கே தெற்குக் காற்றாக மாறிவிட்டது. அவர்களுக்குத் திரும்பும் வழி தெற்கு. முகத்தில் அடிக்கும்" என்றார். "பன்னிரண்டரைக்குத் திரும்பியிருந்தால் இப்போது வாகனத்துக்குக் கிட்ட நிற்பார்கள். தேடுபவர்களை வீதிப் பக்கமிருந்து தொடங்கச் சொல்லலாம்."

அவர் தொலைபேசியில் கை வைத்துவிட்டார். பேசாமல் இருந்தால் வேலை தப்பும். பேசாமல் இருந்தால் தேடுபவர்கள் வீதியோரத்தில் விளக்கடித்துக்கொண்டு நிற்பார்கள். பன்னிரண்டு பேர் வேறெங்கோ இருப்பார்கள். அந்த நேரத்தில்கூட ஒரு நிமிடம் வேலையைத்தான் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"ஜூடித், அவர்களிடம் இருக்கும் தாளில் பன்னிரண்டரை இல்லை. பதினொன்றரை" என்றேன். ஏன் என்றும் சொன்னேன்.

அவர் கையைத் தொலைபேசியிலிருந்து எடுக்கவில்லை. "அப்படியென்றால் அவர்கள் ஒரு மணிநேரம் முன்னதாகவே திரும்பியிருப்பார்களே?"

"இல்லை" என்றேன். அப்போதுதான் எனக்கே முழுவதும் விளங்கியது. என்னைத் தெரியாத அலுவலகக்காரர்கள் என்றால் பதினொன்றரைக்குத் திரும்பியிருப்பார்கள். சிவநாதன் அண்ணைக்கு என்னைத் தெரியும். நான் கற்ற வித்தையை எனக்கு முன்னமே கற்றவர் அவர். ஆறேகால் என்று நான் எழுதியதைப் பார்த்ததும், தியாகு ஒரு மணித்தியாலம் முந்திப் போட்டிருக்கிறான் என்று கண்டுபிடித்திருக்கிறார். அதனால்தான் சொல்லி வைத்தாற்போல் ஏழு பதினாலுக்குப் புறப்பட்டார். அப்படியென்றால் பதினொன்றரை என்பது பன்னிரண்டரை. அதற்கு மேல், வெள்ளைக்காரக் கொம்பனி பயத்தில் இன்னுமொரு மணித்தியாலம் முந்திப் போட்டிருக்கும் என்று அவர் நிச்சயமாக நினைத்திருப்பார். எங்கள் ஆட்கள் எல்லாரும் அப்படித்தான் நினைப்போம்.

"ஒன்றரைக்குத்தான் திரும்பியிருப்பார்கள்" என்றேன். "மெதுவாக நடக்கிற கால், எதிர்க்காற்று. இரண்டாவது தாழ்ந்த மலையை இன்னும் தாண்டியிருக்கமாட்டார்கள். தாண்டாதவர்கள் காற்றுக்கு மறைவாக அதன் வடக்குச் சரிவில் ஒதுங்குவார்கள்."

ஜூடித் என்னைப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, நான் சொன்ன இடத்தை அப்படியே சொன்னார். அதற்குக் காரணம் கேட்டவர்களிடம், "திட்டம் போட்டவருக்கு இவர்களைத் தெரியும்" என்று மட்டும் சொன்னார்.

காற்றில் ஹெலிகொப்டர் பறக்க முடியவில்லை. நாலு சில்லும் இழுக்கும் வாகனத்தில் போய், மிச்சத்தை நடந்து, ஏழு மணிக்கு முன்னே கண்டுபிடித்தார்கள். இரண்டாவது மலையின் வடக்குச் சரிவில், பாறை ஒன்றுக்குப் பின்னால், பன்னிரண்டு பேரும் நெருக்கி இருந்திருக்கிறார்கள். பதினொரு பேர் நடந்து வந்தார்கள். சிவநாதன் அண்ணையின் மனைவி ராணியக்காவைத் தூக்கி வந்தார்கள். சலரோகக்காரி, அதாவது சர்க்கரை வியாதி. உடம்பு குளிர்ந்து, கைவிரல்கள் வெளுத்து விறைத்து, பேச்சு குழறி, பிறகு பேச்சு நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் இருந்து அவர் கண் திறந்துவிட்டார் என்ற செய்தி வரும்வரை நானும் ஜூடித்தும் தொலைபேசியடியிலேயே இருந்தோம். அந்த இரண்டு மணித்தியாலத்தில் நான் கும்பிடாத தெய்வம் இல்லை.

அவசர நேரத்தில் பொத்தானை அழுத்தினால் வானத்துச் செய்மதிக்குத் தகவல் போகும் கருவி ஒன்றையும் அவர்களிடம் கொடுத்திருந்தோம். அதற்குப் பொறுப்பு, குழுவோடு நடந்த, பாட்டனி டவுன்ஸில் ஐடி வேலை செய்யும் பிரபு, கோயம்புத்தூர்க்காரர். அது என்ன ஆனது என்று மறுநாள் கேட்டேன்.

"புதுசா இருந்துச்சு சார். கீழ விழுந்து உடைஞ்சிடுமோன்னு பயமா இருந்துச்சு. பிளாஸ்டிக் கவர்கூட பிரிக்கல. பத்திரமா கார்லயே வச்சுப் பூட்டிட்டேன்" என்றார்.

கருவிக்கு ஒரு கீறல் விழவில்லை என்பதை நான் உறுதிப்படுத்துகிறேன்.

ஜூடித் என்னை வேலையிலிருந்து நீக்கவில்லை. நீக்கியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சம்பவ அறிக்கையை என்னையே எழுதச் சொன்னார். எழுதிக் கொண்டுபோனேன். 'தொடர்பாடலில் ஏற்பட்ட இடைவெளி' என்று முதல் வரியில் எழுதியிருந்தேன். அவர் அதில் விரலை வைத்தார். இம்முறை கேள்வி கேட்கவில்லை, நான் அடிக்கும்வரை விரலை எடுக்காமல் நின்றார். அந்த வரியை அடித்துவிட்டு, 'நேரங்களைப் பொய்யாக எழுதினேன்' என்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவர் தன் சாண்ட்விச்சைப் பிரித்தார்.

எங்கள் சங்கம் அறிக்கை எழுதும் சங்கம் அல்ல, விழா எடுக்கும் சங்கம். ஐந்து வாரம் கழித்து ஒரு மண்டபத்தில், பன்னிரண்டு உயிரைக் கணக்குப் பார்த்தே காப்பாற்றிய தியாகராஜாவுக்குப் பாராட்டு விழா என்று அழைப்பிதழ் வந்தது. மாலை ஐந்தரை. நான் ஐந்தரைக்குப் போய்க் கதிரை அடுக்கினேன். ஏழு பத்துக்கு விளக்கேற்றினார்கள். சிவநாதன் அண்ணை எனக்குப் பொன்னாடை போர்த்தி, இந்த நாட்டில் எவ்வளவு மெஷின் இருந்தாலும் தமிழன்ரை மனசைத் தமிழன்தான் அறிவான் என்று பேசினார். பெரிய கைதட்டல். நான் போர்த்த பொன்னாடையோடு சிரித்துக்கொண்டு இருந்தேன். போகாமல் விட்டிருக்கலாம். போனேன், உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்து ஒரு பிள்ளை பாட வந்த இடைவெளியில், முன்வரிசையில் இருந்த ராணியக்காவிடம் போய்ப் பக்கத்தில் இருந்தேன். எப்படி இருக்கிறீர்கள் அக்கா என்றேன்.

"இருக்கிறன் தம்பி" என்றார். பிறகு பாட்டுச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "பதினொண்டரைக்கு நான் நிண்டிட்டன். பேப்பரில பதினொண்டரை எண்டு கிடக்கு, திரும்புவம் எண்டு சொன்னன். இவர் சிரிச்சுப்போட்டு, அது தியாகு எங்களுக்காக முந்திப் போட்ட நேரம், நீ நட எண்டார். எல்லாரும் சிரிச்சவை. எனக்கு ஏலாமல் இருந்தது, எண்டாலும் நடந்தன்."

மேடையைப் பார்த்தபடியே அவர் தொடர்ந்தார்.

"அந்தப் பன்னிரண்டு பேரில நீங்கள் எழுதினதை நம்பினது நான் ஒருத்திதான் தம்பி."

ஏற்புரைக்கு என் பெயரை ஒலிவாங்கியில் கூப்பிட்டார்கள். மேடைக்குப் போய், பொன்னாடையை மடித்து மேசையில் வைத்தேன். நான் யாரையும் காப்பாற்றவில்லை, நேரத்தைப் பொய்யாக எழுதி இவர்களை அங்கே கொண்டுபோய் விட்டவன் நான்தான், உண்மையான நேரம் பன்னிரண்டரை என்று சொன்னேன். பிறகு இரண்டாம் வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "அப்ப ஒண்டரைக்குத் திரும்பின நாங்கள் ஒரு மணித்தியாலம்தான் பிந்தினம்" என்று சொல்வது எனக்குக் கேட்டது. அந்தச் செய்தி வரிசை வரிசையாகப் பின்னால் போனது. முகங்கள் தெளிந்தன. சிவநாதன் அண்ணை ஒலிவாங்கியை என் கையிலிருந்து மெல்ல எடுத்து, "பார்த்தீங்களோ இவற்ற பெருந்தன்மையை!" என்றார்.

மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது. ராணியக்கா மட்டும் தட்டவில்லை. அவருடைய இரண்டு கை விரல்களிலும் இன்னும் கட்டுப் போட்டிருந்தது.